பெருத்த சுரப்பியும் சிறுத்த சுரப்பியும்

நாய்களுக்கு வரும் அட்ரினல் கட்டியை மருத்துவப் படங்கள் கண்டுபிடிக்கும் விதம்

பொங்கோலில் ஒரு வீவக வீடு. அங்கு பதினோரு வயது பூடில் நாய் ஒன்று வளர்கிறது. எடை 6 கிலோ. புருனோ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சில மாதங்களாக அதன் தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகிவிடுகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறது. தட்டில் வைத்ததைத் தின்று முடித்த கையோடு சமையலறை வாசலில் மீண்டும் வந்து நிற்கிறது. முதுகில் முடி மெலிந்துவிட்டது. வயிறு மட்டும் பானைபோல் தொங்குகிறது.

“வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்,” என்கிறார் பாட்டி. உயர்நிலை நான்கில் படிக்கும் பேத்திக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் அளவுக் குவளையால் தண்ணீரை அளந்து ஊற்றிக் குறித்துவைக்கிறாள். ஒரே நாளில் 750 மில்லிலிட்டர்!

புருனோ நம் கற்பனையில் பிறந்த நாய். ஆனால், அந்தப் பேத்தி போட்ட கணக்கு உண்மையானது. ஒரு நாய் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல். 6 கிலோ நாய்க்கு அந்த எல்லை 600 மில்லிலிட்டர். புருனோ அதைத் தாண்டிவிட்டது.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றோடு, வயதான நாய்களில் அடிக்கடி காணப்படும் ‘குஷிங்’ நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. உடலில் கார்ட்டிசோல் என்ற இயக்குநீர் அளவுக்கு மீறிச் சுரப்பதால் வரும் நோய் அது. மனிதர்களிடம் இந்நோயை 1932ஆம் ஆண்டில் விரிவாக விளக்கிய அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. குஷிங் நோய் உள்ள நாய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டு நாய்களுக்கு அட்ரினல் சுரப்பியில் ஏற்படும் கட்டியே காரணம்.

அந்தக் கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? “ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்” என்பது பாதி விடைதான். எடுத்த படத்தில் எதைத் தேட வேண்டும் என்பதில்தான் மீதி விடை இருக்கிறது.

நிலக்கடலை அளவில் ஒரு தொழிற்சாலை

மனிதர்களைப் போலவே நாய்களுக்கும் இரண்டு அட்ரினல் சுரப்பிகள் உண்டு. இரு சிறுநீரகங்களுக்கும் அருகே, முதுகெலும்புக்குக் கீழே, வயிற்றின் ஆழத்தில் அவை இருக்கின்றன. சிறிய நாய்களின் இடப்பக்கச் சுரப்பி, தோல் உரிக்காத நிலக்கடலையைப்போல் நடுவில் சற்றே ஒடுங்கியிருக்கும். அதன் பக்கத்தில் பெருந்தமனி ஓடுகிறது. வலப்பக்கச் சுரப்பி அம்பு முனையைப்போல் வளைந்து, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை ஒட்டியே கிடக்கிறது. இந்த நெருக்கம் பின்னால் பெரிய சிக்கலாகலாம். அதற்குப் பிறகு வருவோம்.

சுரப்பி ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உள்ளன. வெளியே இருக்கும் புறணி, கார்ட்டிசோல் உள்ளிட்ட இயக்குநீர்களைச் சுரக்கிறது. உள்ளே இருக்கும் அகணி, அட்ரினலினைச் சுரக்கிறது. தேர்வு அறைக்குள் நுழையும்போது உங்கள் இதயம் படபடக்கிறதே, அதற்குக் காரணம் இந்த அட்ரினலின்தான்.

கட்டி இந்த இரண்டு பகுதிகளில் எதில் வேண்டுமானாலும் உருவாகலாம். புறணியில் வந்தால் கார்ட்டிசோல் மிகலாம். அகணியில் வந்தால் அட்ரினலின் வகை இயக்குநீர்கள் வெள்ளமாய்ப் பாயலாம். சில கட்டிகள் எதையும் சுரக்காமல் சும்மாவும் இருக்கும். வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் பரவி இங்கே வந்து தங்குவதும் உண்டு. நான்குக்கும் சிகிச்சை வெவ்வேறு. ஆனால், படத்தில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியலாம்.

குற்றவாளி தலையிலா, வயிற்றிலா?

கார்ட்டிசோல் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை அட்ரினல் சுரப்பி தானாக முடிவுசெய்வதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ‘ஏசிடிஎச்’ என்ற இயக்குநீரை அனுப்பிக் கட்டளையிடுகிறது. இரத்தத்தில் கார்ட்டிசோல் கூடினால் பிட்யூட்டரி தன் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். குறைந்தால் கூட்டும். உயிரியல் பாடத்தில் நீங்கள் படித்த எதிர்மறைப் பின்னூட்டம் இதுதான். அறை குளிர்ந்ததும் குளிரூட்டி தானாக நின்றுகொள்வதைப்போன்ற ஏற்பாடு.

குஷிங் நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கிறது. அங்கே வளரும் சிறு கட்டி ஓயாமல் ஏசிடிஎச் அனுப்புகிறது. கட்டளை இரு சுரப்பிகளுக்கும் போவதால் இரண்டுமே வேலை செய்து செய்து பருத்துவிடுகின்றன.

கட்டி அட்ரினல் சுரப்பியிலேயே இருந்தால் கதை மாறுகிறது. அந்தக் கட்டி யாருடைய கட்டளைக்கும் காத்திருக்காமல் கார்ட்டிசோலைக் கொட்டுகிறது. “போதும், போதும்” என்று பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. கட்டி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், மறுபக்கம் இருக்கும் நல்ல சுரப்பி கட்டளைக்குக் கட்டுப்பட்டது. வேலை இல்லாததால் அது மெல்லமெல்லச் சுருங்கிவிடுகிறது.

ஆக, இரண்டும் பருத்திருந்தால் சந்தேகம் தலைப்பக்கம் போகிறது. ஒன்று பெருத்து மற்றொன்று சிறுத்திருந்தால், பெருத்தது கார்ட்டிசோல் சுரக்கும் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். நோயுற்ற சுரப்பியைப் பற்றிய முக்கியத் தடயத்தை நோயில்லாத சுரப்பியே தருகிறது.

எக்ஸ்ரே எதைக் காட்டும், எதை மறைக்கும்?

உடலுக்குள் பார்க்கும் கருவிகளில் மூத்தது எக்ஸ்ரே. 1895ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ரொன்ட்கன் அக்கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பையும் காற்று நிறைந்த நுரையீரலையும் அது அழகாகக் காட்டும். ஆனால், வயிற்றில் இருக்கும் மென்மையான உறுப்புகள் எல்லாம் எக்ஸ்ரே படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். சில மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்ரினல் சுரப்பி அந்தச் சாம்பலில் கரைந்துவிடும்.

கட்டி மிகப் பெரிதாகி அருகில் உள்ள சிறுநீரகத்தைத் தள்ளினாலோ, கட்டிக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தாலோ எக்ஸ்ரே உதவும். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் மார்புப் படம் எடுக்கப்படுவதுண்டு. மற்றபடி, ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்பதை ‘கட்டி இல்லை’ என்று புரிந்துகொள்ளக் கூடாது.

ஒலியால் வரையும் படம்

எனவே முதல் தேடல் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் கருவியில் தொடங்குகிறது. நாயின் வயிற்று முடியை மழித்து, குளிர்ந்த ‘ஜெல்’லைத் தடவி, மல்லாந்தோ ஒருக்களித்தோ படுக்கவைக்கிறார்கள். ‘புரோப்’ எனப்படும் கைக்கருவி, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது.

இங்கே இயற்பியல் பாடம் நேரடியாக வேலை செய்கிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் சுரப்பி இருந்தால் ஒலி போய்த் திரும்ப 10 சென்டிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சுமார் 65 பங்கு. இந்த நேரத்தை வைத்தே கருவி ஆழத்தைக் கணக்கிட்டுத் திரையில் புள்ளி வைக்கிறது.

அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது. 10 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 0.15 மில்லிமீட்டர். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய நுணுக்கமான விவரங்கள் தெரியும். அப்படியானால் எப்போதும் உயர்ந்த அதிர்வெண்ணையே பயன்படுத்தலாமே? முடியாது. அதிர்வெண் கூடக் கூட ஒலி திசுக்களில் விரைவில் மங்கிவிடும், ஆழத்துக்குப் போகாது. பூடிலுக்குப் பொருந்தும் அமைப்பு, பருத்த லாப்ரடாருக்குப் பொருந்தாமல் போகலாம்.

காற்று இன்னொரு தடை. குடலில் வாயு நிறைந்திருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். அதற்கு அப்பால் இருப்பது தெரியாது. வலப்பக்கச் சுரப்பி விலா எலும்புகளுக்கு உள்ளே ஆழமாக ஒளிந்திருப்பதால் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. அனுபவமுள்ளவர்கள் நேராகச் சுரப்பியைத் தேடுவதில்லை. முதலில் பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் பிடித்து, அவற்றை வழிகாட்டியாக வைத்துச் சுரப்பியை அடைகிறார்கள். தெரியாத வீட்டை அதற்கு அருகில் உள்ள எம்ஆர்டி நிலையத்தை வைத்துத் தேடுவதைப் போலத்தான்.

அளந்தால் மட்டும் போதுமா?

சுரப்பி கிடைத்ததும் அதன் தடிப்பை அளக்கிறார்கள். 7.4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெருத்துவிட்டது என்ற ஒரே அளவுகோல் பல ஆண்டுகள் புழங்கியது. பிறகு வந்த ஆய்வுகள், நாயின் எடைக்கு ஏற்ப எல்லையும் மாற வேண்டும் என்று காட்டின. சிறிய நாய்களுக்கு 6 மில்லிமீட்டரே அதிகமாக இருக்கலாம். வீவக வீடுகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய்களைத்தான் வளர்க்க முடியும் என்பதால் நம் ஊரில் இந்த வேறுபாடு முக்கியமானது. பெரிய நாய்க்கான எல்லையைப் பூடிலுக்கு வைத்தால் நோயைத் தவறவிட நேரிடும்.

புருனோவின் படத்துக்கு வருவோம். இடப்பக்கத்தில் நிலக்கடலை வடிவம் காணவில்லை. 24 மில்லிமீட்டர் அளவில் உருண்டையான ஒன்று இருக்கிறது. இந்த இடத்தில் ‘கட்டி கிடைத்துவிட்டது’ என்று தேடலை நிறுத்திவிடும் ஆசை யாருக்கும் வரும். ஆனால், மருத்துவர் புரோபை வலப்பக்கம் நகர்த்துகிறார். பொறுமையாகத் தேடி அந்தச் சுரப்பியையும் அளக்கிறார். தடிப்பு 3 மில்லிமீட்டர்தான். இரு சுரப்பிகளும் சமமாக இல்லாத நாய்களை ஆராய்ந்தவர்கள், சிறிய சுரப்பியின் தடிப்பு 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் பெரியது கார்ட்டிசோல் கட்டி என்பதற்கு அது வலுவான அடையாளம் என்கிறார்கள்.

வலப்பக்கச் சுரப்பி வழக்கமான அளவில் இருந்திருந்தால்? அப்போது கட்டி கார்ட்டிசோலைச் சுரக்காத வகையாக இருக்கலாம், அல்லது அகணியில் தோன்றியதாக இருக்கலாம். தேடல் வேறு பாதையில் போகும்.

படம் வடிவத்தைக் காட்டும், ஆனால் சுரப்பி என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். ‘டெக்ஸாமெத்தசோன்’ என்ற மருந்தைச் சிறிதளவு ஊசிமூலம் செலுத்தி, தொடக்கத்திலும் 4 மணி, 8 மணி நேரம் கழித்தும் கார்ட்டிசோலை அளக்கிறார்கள். நலமான நாய்க்கு அது குறைந்துவிடும். குஷிங் நோயுள்ள நாய்க்குக் குறையாது, அல்லது குறைந்து மீண்டும் ஏறிவிடும். ஏசிடிஎச் அளவையும் பார்க்கலாம். அட்ரினல் கட்டி என்றால் அது மிகக் குறைவாக இருக்கும். அறிகுறி, இரத்தம், படம் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் மருத்துவர் உறுதியாகப் பேசுவார்.

தேடாமல் கிடைக்கும் கட்டிகள்

படத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாந்திக்காகவோ சிறுநீர்ப்பைக் கல்லுக்காகவோ வயிற்றை ஸ்கேன் செய்யும்போது, யாரும் எதிர்பாராமல் அட்ரினலில் ஒரு முடிச்சு தென்படுவது உண்டு. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வயிற்று அல்ட்ராசவுண்ட் செய்யப்பட்ட 3,748 நாய்களின் பதிவுகளைப் புரட்டியது. அவற்றில் 151 நாய்களுக்கு, அதாவது ஏறத்தாழ 4 விழுக்காட்டுக்கு, இப்படித் தற்செயலாக ஏதோ ஒன்று அட்ரினலில் காணப்பட்டது.

இவை எல்லாம் புற்றுநோய் அல்ல. வயதான நாய்களுக்குத் தீங்கில்லாத முடிச்சுகள் வருவதுண்டு. நீண்டநாள் நோயால் அவதிப்படும் நாய்க்குச் சுரப்பி சற்றுப் பருப்பதும் உண்டு. 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை, வேகமாக வளர்பவை, இரத்தக் குழாய்க்குள் நுழைபவை ஆகியவற்றின் மீதே சந்தேகம் அதிகம். சிறியதாக இருந்து, நாயும் நலமாக இருந்தால், சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் அளந்து பார்ப்பது பல வேளைகளில் போதும். அவசரப்பட்டு அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோவதும் நாய்க்குத் தீங்குதான்.

மறைந்து தாக்கும் கட்டி

அகணியில் தோன்றும் ‘ஃபியோகுரோமோசைட்டோமா’ என்ற கட்டி இன்னும் தந்திரமானது. அட்ரினலின் வகை இயக்குநீர்களை அது நினைத்தபோது வெளியேற்றும். திடீரென நாய் மூச்சிரைக்கும், நடுங்கும், நிலைகொள்ளாமல் அலையும், சில வேளைகளில் சுருண்டு விழும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வாலாட்டும். மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில் இரத்த அழுத்தம் சரியாகவே இருக்கலாம்.

இந்தக் கட்டியை முன்கூட்டியே சந்தேகிப்பது உயிர் காக்கும். அறுவை சிகிச்சையின்போது கட்டியைத் தொட்டாலே இயக்குநீர் பீறிட்டு இரத்த அழுத்தம் எகிறிவிடும். அதைத் தடுக்க ‘ஃபினாக்ஸிபென்ஸமின்’ என்ற மருந்தை முன்னதாகவே கொடுக்கலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இக்கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 48 நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தது. மருந்து பெற்றவற்றில் 13 விழுக்காடும், பெறாதவற்றில் 48 விழுக்காடும் இறந்தன. பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு என்பதால் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் வேறுபாடு பெரியது.

சந்தேகம் வந்தால் சிறுநீரிலோ இரத்தத்திலோ அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருள்களை அளக்கலாம். கட்டிக்குள் ஊசி செலுத்தித் திசுவை எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். செய்வதுண்டு. ஆனால், இரத்தக் கசிவும் இரத்த அழுத்த ஏற்றமும் நேரலாம் என்பதால் மிகக் கவனமாகவே அந்த முடிவை எடுக்கிறார்கள்.

அறுவை மருத்துவருக்கு ஒரு வரைபடம்

கட்டி இருப்பது தெரிந்துவிட்டது. அதை வெட்டி எடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்குச் சிடி ஸ்கேன் சிறந்த பதிலைத் தருகிறது.

எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிவந்து பல கோணங்களில் அளவெடுக்க, கணினி அவற்றைச் சேர்த்துக் குறுக்குவெட்டுப் படங்களாக மாற்றுகிறது. ரொட்டியைத் துண்டுதுண்டாக நறுக்கி ஒவ்வொரு துண்டையும் பார்ப்பதுபோல. இதை உருவாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணிதத்தைத் தனியே வகுத்த இயற்பியலாளர் ஆலன் கார்மக்கும் 1979இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதல் நோயாளிக்கு 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. இன்று நாய்களும் அதே வகை இயந்திரத்துக்குள் படுக்கின்றன.

ஒரு வித்தியாசம் உண்டு. “அசையாதே, மூச்சைப் பிடி” என்று நாயிடம் சொல்ல முடியாது. அதனால் மயக்க மருந்து கொடுத்தே பெரும்பாலும் படம் எடுக்கிறார்கள். கட்டியால் ஏற்கெனவே இரத்த அழுத்தம் ஏறி இறங்கும் நாய்க்கு மயக்க மருந்தும் சிறு ஆபத்துதான். எனவே, இந்தப் படம் உண்மையில் தேவையா என்று ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டும்.

சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே அந்த அலகு வழங்குகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1,000, கொழுப்புக்கு ஏறத்தாழ கழித்தல் 100. மனிதர்களின் அட்ரினல் கட்டியில் இந்த எண் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால், கொழுப்பு நிறைந்த தீங்கற்ற கட்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நாய்களுக்கு அந்த விதியை அப்படியே நம்ப முடிவதில்லை. மனித மருத்துவத்தில் கற்றதை விலங்குக்குக் கொண்டுசெல்லும்போது மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்து, அயோடின் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தி மீண்டும் படம் எடுக்கிறார்கள். மருந்து முதலில் தமனிகளில் பளிச்சிடும். சில வினாடிகளில் சிரைகளுக்கு வரும். பெருஞ்சிரை முழுவதும் வெள்ளையாக ஒளிரும்போது, நடுவில் ஒரு கறுத்த திட்டு தெரிந்தால் கட்டி குழாய்க்குள் வளர்ந்திருக்கிறது என்று பொருள். வலப்பக்கச் சுரப்பி பெருஞ்சிரையை ஒட்டியிருப்பது ஏன் சிக்கல் என்பது இப்போது புரியும். அங்கு வளரும் கட்டிக்குக் குழாய்க்குள் நுழைய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

2009இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், குழாய்க்குள் கட்டி நுழைந்திருப்பதைச் சிடி 92 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்தது. இதை முன்பே அறிந்தால் அறுவை மருத்துவர் கூடுதல் இரத்தத்தையும் கருவிகளையும் குழுவையும் தயாராக வைத்துக்கொள்ளலாம். வயிற்றைத் திறந்த பிறகு தெரிந்துகொண்டால் காலம் கடந்துவிடும். 

ஒரு வீட்டில் எடுக்கப்படும் முடிவு

புருனோவின் சிடி படத்தில் பெருஞ்சிரை சுத்தமாக இருக்கிறது. நுரையீரலிலும் எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். ஆபத்து உண்டு, செலவும் உண்டு. செய்யாவிட்டால் ‘டிரைலோஸ்டேன்’ போன்ற மருந்தால் கார்ட்டிசோலைக் கட்டுப்படுத்தலாம். ஆனால், கட்டி அங்கேயே இருக்கும். வளர்ந்து வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும் அபாயமும் இருக்கும். பதினோரு வயது நாய்க்கு எது நல்லது என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. குடும்பம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பேச்சு ஊகத்தின் மீது நடக்காமல், தெரிந்த விவரங்களின் மீது நடக்க உதவுவதே படங்களின் பயன்.

அறுவை சிகிச்சை செய்தால், 3 மில்லிமீட்டருக்குச் சிறுத்துப்போன அந்த வலப்பக்கச் சுரப்பி மீண்டும் கதைக்குள் வருகிறது. கட்டியை அகற்றியதும் கார்ட்டிசோல் சுரக்க அது ஒன்றுதான் மிச்சம். நெடுநாள் தூங்கிய சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. கார்ட்டிசோல் அறவே இல்லாமல் நாய் உயிர் பிழைக்காது. எனவே, அறுவை நாளிலிருந்தே அதற்கு ஈடான ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில், மெதுவாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அல்ட்ராசவுண்ட் அறையில் மருத்துவர் பொறுமையாக அளந்த அந்த 3 மில்லிமீட்டர், நோயைக் கண்டறியவும் பின்னர் நாயைப் பிழைக்கவைக்கவும் உதவுகிறது.

இந்தத் துறையில் சேர விரும்பினால்

 கால்நடை மருத்துவம் படிக்கச் சிங்கப்பூரிலிருந்து பலர் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குச் செல்கின்றனர். மலேசியாவில் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்திலும் மலேசியா கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவப் பள்ளிகள் உள்ளன. மருத்துவருக்குத் துணைநின்று விலங்குகளைப் பிடிப்பது, மயக்க நிலையைக் கண்காணிப்பது, படம் எடுப்பது ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு ஒரு நல்ல தொடக்கம்.

படங்களைப் படித்துச் சொல்லும் கதிரியக்கவியல் நிபுணராக வேண்டுமானால், பட்டத்துக்குப் பிறகும் பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் சிறப்புப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும். உயிரியலோடு இயற்பியலும் கைகொடுக்க வேண்டும். ‘அலைநீளம் எனக்கு எதற்கு?’ என்று வகுப்பில் நினைத்திருந்தால், நிலக்கடலை அளவுச் சுரப்பியை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வயதான நாய் இருந்தால் இன்றே ஒன்று செய்யலாம். ஓர் அளவுக் குவளையை எடுத்து, நாள் முழுவதும் ஊற்றும் தண்ணீரைக் குறித்து, மறுநாள் காலை கிண்ணத்தில் மிஞ்சியதைக் கழித்துவிடுங்கள். விடையை நாயின் எடையால் வகுத்துப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் தண்ணீரைக் குறைக்க வேண்டாம், அது ஆபத்து. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். “வயசாயிடுச்சு” என்று சொல்லிவிடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.